கஸ்ஸாலியின் கப்பலும் தலைமன்னார்க் கப்பலும்

ஐவரைக் காப்பாற்ற ஒருவரைப் பலியிடலாமா? ஒழுக்கவியல் வகுப்புகளில் தவறாமல் வரும் இந்தத் தண்டவாளக் கேள்வியைப் பிலிப்பா ஃபுட் 1967 இல் எழுப்பினார். அதற்கு மூன்று வருடம் முந்தியே, நம் மலையகத்தில் அது கற்பனையாக இல்லாமல் நிசமாகவே நடந்துவிட்டது என்பேன்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றோர் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஹற்றனில் கோச்சி ஏறிய சனம் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியது. அந்தக் கோச்சியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே சொல்வார்கள்.

பயன்வாதி இதை நாட்டுக்கு நன்மை என்று நியாயப்படுத்தக்கூடும். ஆனால் ஒவ்வொருவரையும் ஓர் ஆளாகவே எண்ணு என்பதுதான் பெந்தாமின் விதி. அனுப்பப்பட்டவர்களின் துயரத்தையும் கூட்டினால் அந்தக் கணக்கு நிற்காது. மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே என்கிறார் கான்ட். தேயிலைக்குத் தேவைப்பட்டபோது கூலி, தேவையற்றபோது எண்ணிக்கை என்றால் அது வேறென்ன?

என்றாலும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இவர்களைவிட நுணுக்கமாகப் பார்க்கிறார். ‘அல்-முஸ்தஸ்ஃபா’வில் மஸ்லஹா பற்றிப் பேசும்போது ஒரு கப்பலைச் சொல்கிறார். ஒருவரைக் கடலில் தள்ளினால் மற்றவர்கள் பிழைப்பார்கள். சீட்டுக் குலுக்கித் தள்ளலாமா? கூடாது என்கிறார். தவிர்க்க முடியாத தேவை, ஐயமற்ற உறுதி, சமூகம் முழுவதற்குமான பொதுமை ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். கப்பலில் உள்ளோர் சமூகம் முழுவதும் அல்லர், சீட்டுக்கும் ஆதாரமில்லை.

“இவர்கள் கடலிலா வீசப்பட்டார்கள், கரைசேர்க்கப்பட்டார்களே?” என்று கேட்கலாம். உயிர்ப்பலியும் நாடுகடத்தலும் ஒன்றல்லதான். ஆயினும் அந்த மூன்று நிபந்தனைகளையும் உரைகல்லாகக் கொள்ளலாம். தோட்டங்கள் இவர்களின் உழைப்பில் ஓடிக்கொண்டிருக்க, அனுப்புவது எப்படித் தவிர்க்க முடியாததாகும்? என்ன நன்மை உறுதியாக விளைந்தது? ‘நாடு முழுவதும்’ என்றால் அதில் இவர்கள் இல்லையா? 525,000 என்று எழுதிய பிறகு, இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர்தான். ஆட்களைக் கேட்காமலே எண்ணை எழுதிவிட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சி.வி. வேலுப்பிள்ளையை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான். 1947 இல் தலவாக்கலையில் மக்கள் வாக்களித்துப் பாராளுமன்றம் அனுப்பியவர் அவர். அந்த மக்களின் பிரஜாவுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டமும், வாக்கை அடுத்த வருடச் சட்டமும் பறித்தன. ‘தேயிலைத் தோட்டத்திலே’யில் அவர் எண்ணிக்கையை எழுதவில்லை, ஆட்களை எழுதினார். கோட்பாடுகள் தவறவிடும் இடத்தை இலக்கியம் பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

இது யாரோ மலையகத்தாரின் கதை என்று நம் வாசகர் ஒதுங்க முடியாது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே ‘இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம்’. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோதும், ஒரு சாராரின் ‘பொது நன்மை’க்காக இன்னொரு சாரார் இறக்கிவிடப்பட்டனர். அந்த அநீதியைப் பேசும் நாம், ஹற்றன் கோச்சியையும் அதே நாவால் பேச வேண்டும். அப்போதுதான் நம் நீதி நம்பகமாகும்.

ஒழுக்கச் சிக்கல் ஒன்றை யாராவது நம்முன் வைத்தால், விடை தேடுமுன் கேட்க வேண்டியது ஒன்று: யாரை இறக்குவது என்ற கேள்வியைப் போட்டது யார்? இறங்கப்போகிறவரிடம் அவர் கேட்டாரா?