மரேட் நீ கிராடா

மரேட் நீ கிராடா (1896–1971) ஐரிஷ் மொழி நாடக ஆசிரியர், சிறார் எழுத்தாளர், வானொலி அறிவிப்பாளர். 1964-ல் அரங்கேறிய ‘அன் ட்ரியல்’ (விசாரணை) இவருடைய முதன்மையான படைப்பு.

வாழ்க்கை

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலுள்ள கில்மேலியில் பிறந்தார். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றார். ஐரிஷ் மொழி இயக்கமான கேலிக் லீக்கிற்காகக் கொடி விற்றதற்காகச் சிறை சென்றார். நாட்டின் முதல் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். பின்னர் பாடநூல் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார். வேற்றுக்கோளில் நிகழும் ‘மனனான்’ (1940) இவரது சிறுவர் அறிவியல் புனைகதை.

விசாரணை

டப்ளின் டேமர் அரங்கில் தோமாஸ் மக் அன்னாவின் இயக்கத்தில் நாடகம் அரங்கேறியது. கவிஞர் கேட்லின் மாட் நாயகி மாய்ராவாக நடித்தார். கிராமத்துப் பெண் மாய்ரா, நோயாளி மனைவியுள்ள பள்ளி ஆசிரியர் ஒருவரை நம்பிக் கருவுறுகிறாள். குடும்ப மானத்தைப் பெரிதாக எண்ணும் தாயிடமிருந்து தப்பி நகரத்திற்குச் செல்கிறாள். பிறந்த பெண் குழந்தையைத் தத்துக் கொடுக்க மறுக்கிறாள். ஒவ்வொரு கதவாக அடைபட, முடிவில் குழந்தையைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொள்கிறாள்.

மதிப்பீடு

முடிவு தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. ஆகவே ‘என்ன நடக்கும்’ என்ற ஆவலுக்கு இங்கே இடமில்லை. ‘யார் பொறுப்பு’ என்ற கேள்வியே நாடகத்தை நடத்திச் செல்கிறது. தாய், அண்ணன், வேலை கொடுத்தவர்கள் எனச் சாட்சிகள் வரிசையாக வந்து, தம்மீது குற்றமில்லை என்கிறார்கள். அவரவர் சொல்லும் காரணம் தனியே கேட்டால் நியாயமாகவே தோன்றுகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் கொலை தெரிகிறது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு பார்வையாளரிடம் விடப்படுகிறது. பிரெக்டின் அரங்க முறையை ஆசிரியர் வெறும் உத்தியாக அல்லாமல் அறக்கேள்வியாகவே மாற்றியிருக்கிறார்.

கொடுத்த வாக்கிற்காக மாய்ரா காதலனின் பெயரைச் சொல்வதில்லை. ஊர் அவளைத் தூற்றும்போது அவன் மதிப்போடு வாழ்கிறான். அவளது மௌனமே அவனுக்குக் காப்பாகிவிடுவது நாடகத்தின் கூர்மையான இடம்.

குறைகளும் உண்டு. மாய்ரா குடியிருக்கும் வீடு இடிந்து விழுவது தற்செயலான விபத்து. சமூகத்தின் மீதான குற்றச்சாட்டை அது சற்றே நீர்த்துப்போகச் செய்கிறது. அவளுக்கு இரங்கும் மாலி, நல்ல மனம் படைத்த விலைமகள் என்ற பழகிய வார்ப்பு.

மணமாகாத தாய்மார்களின் இல்லங்கள் பற்றிய அரசு ஆணைய அறிக்கை 2021-ல் வெளியானது. ஆய்வு செய்த 18 நிறுவனங்களில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்ததாக அது கூறியது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கேள்வியை 57 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மேடை எழுப்பிவிட்டது என்பதே இந்நாடகத்தின் பெருமை.