இரண்டே கார்டில் ஒரு பாட்டு

கிட்டார் பழக வருகிறவர்களுக்கு ‘டாம் டூலி’யைத்தான் முதலில் சொல்வேன். அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பக்கத்து நாட்டுப்பாடல். 1868இல் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட டாம் டூலாவின் கதை; அந்த ஊர் வாயில் டூலா, டூலியாகிவிட்டார். 1958இல் கிங்ஸ்டன் டிரையோ என்ற இசைக்குழு பாடிப் பரப்பியது. ஜி, டி7 என இரண்டு கார்டு, அதாவது இரண்டு சுரக்கூட்டு, போதும்.

கஷ்டமெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஜியில் விரல்கள் அகல விரிந்திருக்கும்; டி7க்கு மூன்று விரலும் கீழ்க்கம்பிகள் மூன்றில், முதல் இரண்டு கட்டத்துக்குள் ஒடுங்க வேண்டும். இடது கை தடுமாறினாலும் வலது கை நிற்கக் கூடாது. தாளம் விட்டால் பாட்டே போச்சு. நான் பழகிய நாட்களில், விரல்நுனியில் கம்பித் தடம் பதிந்து எரிந்த ஒரு சாயங்காலம், பார்க்காமலே கார்டு மாறியது. அப்போதுதான் எனக்கு வாய்விட்டுப் பாட வந்தது.