தேற்றாங்கொட்டை

சி.எஸ்.லூயிஸ் என்றால் நம்மில் பலருக்கு 2005-ல் வந்த நார்னியா படமும் அதில் பேசும் சிங்கமும்தான் ஞாபகம் வரும். மனுஷர் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். இளமையில் நாத்திகர். 1931-ல் கிறிஸ்துவ நம்பிக்கைக்குத் திரும்பி, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பி.பி.சி. ரேடியோவில் அதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்கிப் பிரபலமானவர். (1963 நவம்பர் 22 அன்று இறந்தார். அதே நாளில் கென்னடி சுடப்பட்டதால் பேப்பரில் இவருக்கு இடம் கிடைக்கவில்லை.)

துன்பத்தைப் பற்றி இவர் இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறார். நடுவில் இருபத்தொரு வருஷ இடைவெளி. அடுத்தடுத்துப் படித்தால், இரண்டையும் எழுதியது ஒரே ஆசாமிதானா என்று சந்தேகம் வரும்.

முதலாவது, 1940-ல் வந்த 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்'. கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் உலகத்தில் ஏன் இத்தனை வலி? பழைய கேள்வி. லூயிஸ் தேர்ந்த வக்கீல் மாதிரி பாயின்ட் பாயின்டாக வாதாடுகிறார். கெட்டிக்காரப் புத்தகம். ஆனால், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது படிக்க முடியாது. அவருக்கே இது தெரிந்திருக்கிறது. பெயர் போடாமல் எழுதட்டுமா என்று கேட்டுப் பார்த்ததாக முன்னுரையில் சொல்கிறார். தான் வாழ்ந்து காட்டாத தைரியத்தையெல்லாம் எழுத்தில் காட்ட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். கேட்டது கிடைக்கவில்லை. வேண்டுமானால் அதை முன்னுரையில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள்.

இரண்டாவது புத்தகத்துக்கு ஒரு கதை உண்டு. 1956-ல் ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்கக் கவிஞரை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாவுக்கு இரண்டு பையன்கள். கொஞ்ச நாளில் எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. 1957-ல் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பாதிரியாரை வரவழைத்து மறுபடி கல்யாணம். நோய் ஆச்சரியமாகப் பின்வாங்கியது. பிறகு திரும்பி வந்தது. பிறகு திரும்பி வந்தது. 1960 ஜூலையில் ஜாய் இறந்தபோது வயது 45.

வீட்டில் கிடந்த வெற்று நோட்டுகளை எடுத்து லூயிஸ் எழுத ஆரம்பித்தார். நாலாவது நோட்டோடு நிறுத்திக்கொண்டார், இதற்காகப் புது நோட்டு வாங்குவதில்லை என்று. அதுதான் 1961-ல் என்.டபிள்யூ.கிளார்க் என்ற பொய்ப் பெயரில் வந்த 'எ க்ரீஃப் அப்ஸர்வ்ட்'. ஒரே மாலையில் படித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம்.

இதில் வக்கீலைக் காணோம். கடவுளைத் தேடிப் போனால் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்கிறது என்று கோபப்படுகிறார். கடவுள் இல்லை என்று ஆகிவிடுமோ என்பது அவர் பயமில்லை. இருக்கிறார், ஆனால் இப்படிப்பட்டவராக இருக்கிறாரே என்பதுதான் பயம். மதம் தரும் ஆறுதல் என்று யாராவது ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்கிறார். இருபது வருஷம் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தவர்!

நம் துக்க வீடுகளிலும் கேட்டிருப்பீர்கள். "நல்லவங்களைத்தான் ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்." சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மௌனம் சங்கடமாக இருக்கிறது, அதை நிரப்புகிறார், அவ்வளவுதான். பைபிளில் யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும்தான் வந்தது வினை.

கிறிஸ்துவத்தில் ஆறுதலைப் பற்றிய முக்கியமான பகுதி, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் தொடக்கம். கஷ்டத்தில் கடவுள் தரும் ஆறுதல் வாங்கிப் பூட்டி வைக்க அல்ல. அதே ஆறுதலைக் கொண்டு இன்னொருவரைத் தேற்றுவதற்கு என்கிறார். ஐந்து வசனங்களுக்குள் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் பத்து தடவை வருகிறது. அடிப்படைப் பொருள், பக்கத்தில் வரும்படி அழைப்பது. இதில் 'விளக்கம்' என்ற அர்த்தமே இல்லை, கவனியுங்கள். சொன்ன கையோடு, ஆசியாவில் தான் பட்ட பாட்டையும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டதையும் பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். கையில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்?

பழைய தமிழ் பைபிளில் பரிசுத்த ஆவிக்கு 'தேற்றரவாளன்' என்று பெயர். அருமையான சொல். தேறுவது, தேற்றுவது, தேற்றாங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறம் இந்தக் கொட்டையை உரைத்துவிட்டால் தண்ணீர் தெளியும். மண் எங்கும் போவதில்லை. அடியில்தான் இருக்கும்.

லூயிஸுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். மூன்றாவது நோட்டில் ஒரு காலை. முந்தின ராத்திரி நல்ல தூக்கம். பத்து நாள் மூட்டத்துக்குப் பிறகு வெயில். மனசு லேசாக இருக்கிறது. அழுகை குறைந்ததும் மனைவியின் முகம் தெளிவாக ஞாபகத்துக்கு வருகிறது. கதவும் பூட்டியிருப்பதாகத் தோன்றவில்லை. புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கங்கள் இவை. இவருக்கு வந்த ஆறுதலில் தூக்கத்துக்கும் வெயிலுக்கும் பங்குண்டு. அதை மறைக்காததால்தான் நம்பத் தோன்றுகிறது. நாலாவது நோட்டில் கொஞ்சம் அவசரப்படுகிறார், பழைய பேராசிரியர் எட்டிப் பார்க்கிறார். அங்கங்கே என்னால் முழுசாக ஒட்ட முடியவில்லை.

யார் எழுதியது என்று தெரியாமல், நண்பர்கள் சிலர் இந்தப் புத்தகத்தை லூயிஸிடமே, "படிச்சுப் பாருங்க, ஆறுதலா இருக்கும்" என்று சிபாரிசு செய்தார்களாம். அவர் பெயரில் வந்தது அவர் இறந்த பிறகுதான்.

இதையெல்லாம் வைத்து ரிச்சர்ட் அட்டன்பரோ ('காந்தி' எடுத்தவர்தான்) 1993-ல் 'ஷேடோலேண்ட்ஸ்' எடுத்தார். ஆண்டனி ஹாப்கின்ஸ், டெப்ரா விங்கர். பையன்கள் இருவரை ஒருவராக்கிவிட்டார்கள். கடைசியில் லூயிஸும் பையனும் பரணில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழும் காட்சியில் தியேட்டரே அழுதிருக்கும். நல்ல காட்சி. ஆனால் புத்தகத்தில் அது இல்லை. அம்மாவைப் பற்றி லூயிஸ் பேச்செடுத்தாலே பையன்கள் கூசிப்போய், எப்போது நிறுத்துவார் என்று பார்க்கிறார்கள். அவர்களை அவர் குறை சொல்லவில்லை. 1908-ல் அவருடைய அம்மாவும் புற்றுநோயில்தான் இறந்தார். அப்பா அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம், ஒன்பது வயது லூயிஸும் அப்படித்தான் கூசிப்போனாராம்.