சுவர் நகராது, புத்தகம் நகரும்: நூலகத் தள வரைபடத்துக்கு எந்த மென்பொருள்?

நூலகத்துக்குள்ள வழிகாட்டும் தள வரைபடத்தை எந்த மென்பொருளில் வரையலாம்? கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் 'எதில் அழகா வரும்' என்பதோடு நின்றுவிடுகின்றன. முப்பரிமாணம், நிழல், நாற்காலி மேசைப் படங்கள்னு பட்டியல் நீளும். என் ஆட்சேபம் அங்கேதான். கட்டடத்தின் சுவர் நகராது. ஆனால் ஒரு பிரிவு வளர வளர, பக்கத்துப் பிரிவைத் தள்ளித் தள்ளி அடுக்கியாகணும். அப்போ கேட்க வேண்டிய கேள்வி: அடுத்த வருஷம் இந்த வரைபடத்தைத் திருத்தப்போவது யார்?

எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வரைபடமே இல்லைன்னா வாசகர் ஊழியரைக் கேட்பார். தப்பான வரைபடம் இருந்தா, அதை நம்பி மாடி ஏறிப் போய், 'புத்தகம் இல்லை போல'ன்னு திரும்பிடுவார். இரண்டாவதுதான் மோசம்.

ஒரு உதாரணம். டியூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811க்குள் அடங்கும். தமிழ்நாட்டு நூலகத்தில் அந்த ஓர் எண்ணுக்கே வரிசை வரிசையாக அலமாரிகள் வேண்டும். வரைபடத்தில் '800 இலக்கியம்' என்று எழுதிவைத்தால் யாருக்கும் பயனில்லை. எந்த அலமாரியில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று காட்டணும். அடிக்கடி மாறுவதும் அதுதான்.

இந்த அளவுகோலில் கருவிகளைப் பார்ப்போம்.

ஆட்டோகேட்: கட்டடக் கலைஞர் வரைந்த கோப்பு கிடைத்தால் சுவர்களின் அளவு துல்லியமாகக் கிடைக்கும். அதோடு சரி. குழாய், மின்கம்பி எல்லாம் வாசகருக்கு இரைச்சல். அன்றாடத் திருத்தத்துக்கு உரிமச் செலவும் பயிற்சியும் சுமை.

விசியோ: இழுத்துப் போட்டு வரைய எளிது. ஆனால் உரிமம் உள்ள கணினியில் உட்கார்ந்தவர் மாற்றலாகிப் போனால் வரைபடமும் உறைந்துபோகும். லிப்ரே ஆபீஸ் ட்ரா அந்தக் கோப்பைத் திறக்கும். திருத்திவிட்டு அதே வடிவில் சேமிக்காது.

ஸ்வீட் ஹோம் 3டி: இலவசம். அலமாரிகளுக்கு நடுவே சக்கர நாற்காலி போக இடமிருக்கான்னு திட்டமிடும்போது பார்க்க அருமை. வழிகாட்டி வரைபடத்துக்கு அல்ல.

கியூஜிஐஎஸ்: ஒவ்வொரு அலமாரியும் ஒரு வடிவம், அதற்குப் பின்னால் ஓர் அட்டவணை. கருத்தளவில் இதுதான் சரியான அணுகுமுறை. பல கட்டடங்கள் உள்ள பல்கலைக்கழகத்துக்கு ஏற்றது. ஒரு கிளை நூலகத்துக்கு இது கொசு அடிக்கப் பீரங்கி.

இங்க்ஸ்கேப்: என் தேர்வு. 2003இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். இது சேமிக்கும் எஸ்விஜி, 2001லிருந்தே திறந்த தரம். உள்ளே வெறும் உரைதான். ஒவ்வொரு அலமாரிக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுத்துவிட்டு, எண் வரம்புகளைத் தனி விரிதாளில் வைக்கலாம். சின்ன நிரல் ஒன்று இரண்டையும் இணைத்துவிடும். நிரல் எழுத ஆள் இல்லையா? கையாலேயே எண்ணை மாத்தலாம். உலாவியில் நேரடியாகத் திறக்கும். யூனிகோட் தமிழில் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். பழைய எழுத்துருக்களில் செய்தால் அச்சில் நல்லா இருக்கும், தேடினால் கிடைக்காது.

குறையும் உண்டு. இங்க்ஸ்கேப்புக்குக் கதவு, அறை என்றெல்லாம் தெரியாது. எல்லாமே வெறும் கோடுதான். அளவுவிகிதத்தை நாமேதான் பார்த்துக்கணும்.

திறந்த வடிவத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் ஃபிளாஷ். 2020 முடிவில் அடோபி ஆதரவை நிறுத்தியது, உலாவிகளும் கைவிட்டன. அதில் செய்த ஊடாட்ட வரைபடங்கள் உலாவியில் இயங்காமல் போயின. கட்டடம் அங்கேயேதான் இருக்கு.

கடைசியாக ஒன்று. எந்தப் படமும் பார்வையற்ற வாசகருக்குப் போதாது. 'மின்தூக்கியிலிருந்து இடப்பக்கம், மூன்றாவது வரிசை' என்ற ஒரு வாக்கியம்தான் அவருக்கு வரைபடம். அதை அதே விரிதாளில் இன்னொரு பத்தியாகச் சேர்த்துவிடலாம். ஆகவே முதலில் அந்த விரிதாளைத் தயார் பண்ணுங்க. வரையும் மென்பொருளை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.