மூக்கை அளந்தவர்கள்

“ஆளப் பாத்தாலே தெரியாதா?” எங்க சேத்தூர்ப் பக்கம் சகஜமான பேச்சு. குணத்தைச் சொல்வதுபோல இருக்கும், தேடுவதென்னவோ சாதியை.

சாமுத்திரிகா லட்சணம் அங்கத்தை வைத்துக் குணம் சொன்னது. வெள்ளைக்காரன் அதற்கு அளவுகோல் கொண்டுவந்தான். மூக்கு அகலமாக ஆக அந்தஸ்து குறையும் என்றார் வங்காளத்தில் அளந்த ரிஸ்லி. சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டனும் சாதிவாரியாக அளந்தார். 1909-இல் 7 தொகுதிகள் போட்டார்.

அண்ணல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றம் குறித்த 1948 நூலில் மூக்களவுகளையே கையிலெடுத்தார். இது அறிவியல் என்றால், பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம்தான் என்று காட்டினார். அவன் கோலாலேயே அவனை அடித்தது அது.

நம் இலக்கியத்திலோ கோல் இன்னும் கீழே விழவில்லை. அடியாள் என்றால் கறுப்பு, சப்பை மூக்கு. நல்லவள் என்றால் சிவப்பு. எழுதுகிற தோழர்களே, இத எப்பத் தூக்கிப் போடப் போறோம்?