தீர்ப்பில் இல்லாத பெண்

கதிரவெளியில் ஐந்தாம் தரத்துக்குப் படிப்பித்த காலத்தில், ஓட்டமாவடிக்குத் திரும்பும் பஸ்ஸில் நுஜூத் அலியின் தன்வரலாற்றை ஆங்கிலத்தில் வாசித்தேன். யெமன் நாட்டுச் சிறுமி. 2008 ஏப்ரலில் சன்ஆ நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றபோது அவளுக்கு வயது 10. என் வகுப்புப் பிள்ளைகளின் வயது.

நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி, வாகனக் காசும் கொடுத்தவர் தகப்பனின் இரண்டாம் மனைவி தவ்லா. தெருவில் கையேந்திப் பிழைத்தவர். தீர்ப்புகள் இப்படியானவரைப் பதிவதில்லை, நூல் பதிந்திருக்கிறது. விவாகரத்து பற்றிய தன்வரலாறுகளின் பெறுமதி இதுதான்.

குறையும் உண்டு. ஊடகவியலாளர் டெல்ஃபின் மினூயியின் துணையோடு எழுதப்பட்டு, 2009இல் பிரெஞ்சில் வெளிவந்த நூல் இது. பேசுவது சிறுமியா, எழுதியவரா என்ற ஐயம் சில இடங்களில் எழுகிறது. முஸ்லிம் வீடுகளை வேடிக்கை பார்க்க வருவோருக்கும் இதில் தீனி கிடைக்கும். அதற்காக நூலை மூடிவைத்தால் நட்டம் நமக்கே.

நமது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி தலாக் சொல்லும் கணவன் காரணம் காட்ட வேண்டியதில்லை. பஸ்ஹு கோரும் மனைவியோ காரணத்தைச் சாட்சிகளோடு நிறுவ வேண்டும். காதி நீதிமன்றக் கோவையில் அவனது மௌனமும் அவளது குற்றச்சாட்டும் மிஞ்சும். அவள் வாழ்ந்த ஆண்டுகள் எங்கே?

அவற்றை நம் பெண்கள் இன்னும் குசினியில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எழுத முடிந்தவர்கள் எழுதட்டும். முடியாதவர்களிடம் நாம் கேட்டு எழுதுவோம், அவர்கள் சொன்னபடியே.