நாற்பது நாளும் ஒரு பிடி அரிசியும்

விபூதிப் புதனன்று கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்படும் சுவிசேஷப் பகுதி மத்தேயுவின் ஆறாம் அதிகாரத்தைச் சேர்ந்தது. உபவாசமிருப்பவன் முகத்தை வாடவிட்டு அதை ஊரறியச் செய்யலாகாது, தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அதைக் கேட்டு முடித்த சிறிது நேரத்துக்கெல்லாம் அதே ஜனங்கள் வரிசையாகப் போய், முந்தின வருஷத்துக் குருத்தோலைகளை எரித்தெடுத்த சாம்பலை நெற்றியில் ஏற்று, அந்தக் குறியோடு தெருவில் இறங்கி நடக்கிறார்கள். மறைவில் செய் என்ற கட்டளையும் எல்லோரும் காணத் தரித்த அடையாளமும் ஒரே பூசையில் அருகருகே நிற்கும் இந்த முரண், தவக்காலம் என்னும் அநுஷ்டானத்தின் பெருமையையும் அபாயத்தையும் முதல் நாளிலேயே ஒருங்கே காட்டிவிடுகிறது.

நாற்பது என்ற கணக்கு, வனாந்தரத்தில் இயேசு உபவாசமிருந்த நாட்களை நினைத்து ஏற்பட்டது. மோசேயும் எலியாவும் இருந்த நாற்பது அதற்குப் பின்னணி. 325-ல் கூடிய நிசேயா சங்கத்தின் விதி ஒன்றில் நாற்பது என்ற இந்தப் பருவத்தின் பெயர் எல்லோரும் முன்பே அறிந்த ஒன்றைப்போல விளக்கமின்றி வருகிறது. ஈஸ்டரன்று ஞானஸ்நானம் பெறவிருந்தவர்களுக்கு அது பயிற்சிக் காலமாகவும், பகிரங்கமாகப் பாவப் பரிகாரம் செய்துவந்தவர்களுக்குச் சபையோடு ஒப்புரவாகும் காலமாகவும் இருந்து, பிறகு ஊர் முழுவதற்கும் உரிய நோன்பாக வளர்ந்தது. மேற்குத் திருச்சபையில் விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய நாள் வரை எண்ணினால் 46 வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாளாதலால் ஆறு ஞாயிறுகளையும் கழித்து நாற்பதாகக் கொள்வார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் இதற்குத் தவக்காலம் என்று பெயரிட்டு, ஒரு வேளை மட்டும் உண்ணும் நோன்பை ஒருசந்தி என்றும், மாம்சம் நீக்கிய உணவைச் சுத்தபோசனம் என்றும் வழங்கியபோது, அயல் நாட்டுச் சட்டம் ஒன்று இந்த மண்ணின் விரத மரபோடு உறவு கொண்டாடிவிட்டது. சீர்திருத்தச் சபையாருக்கு இவையே லெந்து நாட்கள்.

இந்தப் பருவத்தின் முதற் சிறப்பு, தனி மனிதனின் சங்கற்பத்தை மட்டும் நம்பி அது நிற்காததுதான். நாளை முதல் திருந்திவிடுவதென்று இரவில் தீர்மானித்து விடிந்ததும் மறந்துவிடும் பிராணியாகிய மனிதனுக்குத் தொடக்க நாளையும் முடிவு நாளையும் தானே குறித்துக் கொடுத்து, அடுத்த வீட்டுக்காரனையும் அதே நியமத்தில் இருத்தி, ஊதா நிற உடுப்பாலும் அல்லேலூயா ஒலிக்காத பூசையாலும் கண்ணுக்கும் காதுக்கும் ஓயாமல் ஞாபகமூட்டி, அவனுடைய பலவீனமான மனத்துக்கு ஊரின் பலத்தையே முட்டுக்கொடுக்கிற இந்த ஏற்பாடு, மனித சுபாவத்தை நன்கு அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மாலையில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபடியும் முழந்தாளிடுகிற ஒரு கிழவியைக் கவனித்தால், ஆத்துமாவின் காரியத்தில் சரீரத்துக்கும் பங்குண்டு என்பதை நிரூபிக்கப் பிரசங்கம் வேண்டியிராது.

இரண்டாவது சிறப்பு அதன் கட்டுக்கோப்பில் இருக்கிறது. ஜெபம், உபவாசம், தருமம் என்ற மூன்று கால்களில் நிற்கும் முக்காலி அது. உபவாசம் உடம்பை இளக்க, ஜெபம் மனத்தைத் திருப்ப, தருமம் கையைத் திறக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பாப்பரசராக இருந்த பெரிய சிங்கராயர், நோன்பாளி தனக்குக் குறைத்துக்கொண்டது ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தம் தவக்காலப் பிரசங்கங்களில் சலியாமல் வற்புறுத்தினார். இந்த மூன்றாவது காலை எடுத்துவிட்டால் முக்காலி நிற்காது. ஆயினும் முதலில் ஆட்டங்கொள்வதும் அந்தக் கால்தான் என்பதற்குச் சரித்திரம் சாட்சி.

மத்திய கால ஐரோப்பாவில் மாம்சத்தோடு பாலும் வெண்ணெயும்கூட விலக்காக இருந்த இடங்களில், பணம் கட்டி விலக்குப் பெறும் வழக்கம் வளர்ந்தது. பிரான்ஸ் தேசத்து ரூவான் பேராலயத்தின் கோபுரங்களில் ஒன்றுக்கு, அப்படிச் சேர்ந்த பணத்தில் எழுந்தது என்பதால், வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய ஜெரால்டு என்பவர், ஒருவகைக் கடல் வாத்து மாம்சத்தில் பிறந்ததன்று என்று சொல்லி மதகுருக்களே நோன்பு நாளில் அதை உண்டதைக் குறித்துவைத்திருக்கிறார். நகைப்பதற்கு நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உள்நாட்டு வீடுகளில் மீனும் கவுச்சியென்று விலக்கப்படுவதுண்டு என்றாலும், மீன் விலக்கில் சேராது என்ற சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்கறியைத் துறந்த புண்ணியத்தோடு வஞ்சிரத் துண்டங்களை வறுத்து அடுக்கும் வெள்ளிக்கிழமைகளையும் நாம் அறிவோம். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அன்றிக் கறியைக் கண்ணால் காணாத கூலிக்காரனிடம் அதே சட்டம் கேட்பது ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவனிடமோ அது கேட்பதாகப் பாவனை செய்கிறது.

இந்தப் போலித்தனத்தைக் கண்டு எழுந்த எதிர்ப்பும் நியாயமானதே. 1522-ஆம் வருஷத் தவக்காலத்தில் ஜூரிச் நகரத்து அச்சுக்கூடக்காரர் ஃபுரோஷவர் வீட்டில் சிலர் துணிந்து இறைச்சித் துண்டங்களை உண்டதும், உடனிருந்தும் உண்ணாத போதகர் ஸ்விங்லி பிறகு உணவில் கிறிஸ்தவனுக்குள்ள சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கித்ததும் சுவிஸ் சீர்திருத்தத்தின் தொடக்கத்தில் நிற்கும் சம்பவங்கள். கட்டாயத்தால் பக்தி பிறக்காது என்ற அந்த வாதத்தை மறுப்பதற்கில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1966-ல் ஆறாம் சின்னப்பர் காலத்தில் சட்டத்தைத் தளர்த்தி, நோன்பை விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்குமாகச் சுருக்கி, வெள்ளிக்கிழமை மாம்ச விலக்கு நீங்கலாக மற்ற நாட்களின் தவத்தைப் பெரும்பாலும் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டது. ஆனால் சட்டம் இளகிய இடத்தில் மனச்சாட்சி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளவில்லை. பலருக்குத் தவக்காலம் என்பது நாற்பது நாள் இனிப்பை நிறுத்திவைக்கும் காலமாகவும், சிலருக்கு உடல் எடையைக் குறைக்க வாய்த்த நல்ல சாக்காகவும் சிறுத்துவிட்டது. கட்டாயம் மனிதனை வேஷதாரியாக்குகிறது, சுதந்திரம் அவனைச் சோம்பேறியாக்குகிறது என்னும்போது, பழியை அநுஷ்டானத்தின்மேல் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் வேறு சில குறைகளும் புலப்படும். ஒருசந்தி இருக்கும் தாய், தன் வயிறு காய்ந்த நிலையில், நோன்பில்லாத பிள்ளைகளுக்கு ஒரு சமையலும் விரதக்காரக் கணவருக்கு ஒரு சமையலுமாக இரட்டை அடுப்பில் வேகிறாள். கணவருடைய தவத்தின் பாரமும் பாதி அவள் தலையில்தான். நாற்பது நாளும் சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத சிலர், ஈஸ்டர் மாலையில் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்வதும் ஊரறிந்த சங்கதி. நாற்பது நாளுக்கு விட முடிந்தது நாற்பத்தோராம் நாளும் முடியும் என்ற பாடத்தைக் கற்பிக்க வந்த பருவத்தை, அவர்கள் நாள் எண்ணிக் கழிக்கும் சிறைத் தண்டனையாக்கிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் கொடிய குறை ஒன்று உண்டு. மனிதன் மண், மண்ணுக்கே திரும்புகிறவன் என்று சொல்லித்தான் சாம்பலைப் பூசுகிறார்கள். எந்தச் சாதிக்காரன் நெற்றியிலும் அது ஒரே சாம்பல். ஆனால் அந்த மண்ணுக்குள் போன பிறகும் பேதம் காக்க வேண்டுமென்று, தமிழகத்துக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் நடுவே சுவர் எழுப்பி வைத்தவர்கள் வருஷந்தோறும் அந்தச் சாம்பலை ஏற்றுக்கொண்டவர்களே. நுகத்தடிகளை முறிப்பதும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதுமே தேவன் விரும்பும் உபவாசம் என்று ஏசாயாவின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் இடித்துரைப்பது, வயிற்றைக் காயப்போட்டுவிட்டுச் சுவரைத் தொடாமல் வைத்திருக்கும் இத்தகைய நோன்பைத்தான்.

அப்படியானால் இந்தப் பருவத்தை அளக்கும் கோல் எது? எதை விட்டாய் என்ற கேள்வியை மட்டும் கேட்கும் வரை வஞ்சிரமும் வெண்ணெய்க் கோபுரமும் நம்மை விட்டுப் போகமாட்டா. விட்டது எங்கே போயிற்று என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் கணக்கு மாறிவிடும். பசியைப் பொறுக்கிறவர்களின் வல்லமையைக் காட்டிலும் பிறர் பசியை ஆற்றுகிறவர்களின் வல்லமை மேலானது என்று ஈகையைப் பாடும்போது வள்ளுவர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். சிங்கராயர் சொன்னதும் வேறன்று. ஜெர்மனியின் ஆயர்கள் 1958-ல் தொடங்கிய மிசெரியோர் என்ற தவக்கால நிதி, தூர தேசத்துப் பட்டினிக்காக மடியவிழ்த்ததும் இதே நெறியில்தான்.

எங்கள் ஆச்சி இந்தச் சாத்திரம் எதையும் படித்தவரல்லர். லெந்து நாட்களில் உலையில் போட அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்பங்கரை மூலையிலிருந்த மண் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார்; அன்று வீட்டில் எல்லோருக்கும் சோறு ஒரு கவளம் குறையும், யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் கலயம் நிறைந்து கோவிலுக்குப் போகும். மறுநாள் மும்மணித் தியானம் முடிந்து எல்லோருக்கும் ஊற்றிய கஞ்சியில் எங்கள் வீட்டுப் பிடியரிசி எது, அடுத்த தெருக்காரர் வீட்டுப் பிடியரிசி எது என்று யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.